செபமாலைக்குப் பின் அரை நாழிகை

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலையொட்டி எழுந்த மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம் விளங்கும் மணப்பாட்டில், குன்றின் கடலோரச் சரிவிலுள்ள சிறு குகையைக் காட்டி, இங்கேதான் புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கித் தவம் செய்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். பிள்ளைகளுக்கு முன்னால் பெற்றோர் அறிந்துகொள்ளவேண்டிய செய்தியொன்றும் அம்மகானின் சரித்திரத்தில் உண்டு.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஏதேனும் ஒரு செபத்தைக் கற்பிக்கும்வரை இக்கரைச் சிறுவர்கள் தம்மை உண்ணவும் உறங்கவும் விடவில்லை என்று குறிப்பிடுகிறார். நோயாளிகளின் வீடுகளிலிருந்து அழைப்புகள் பெருகி, எல்லா இடத்துக்கும் தாமே போக இயலாதபோது, செபம் அறிந்த அச்சிறுவர்களையே அனுப்பி, வீட்டாரையும் அயலாரையும் கூட்டிப் பிரார்த்திக்கச் செய்தார். பெரியவர்கள் கலங்கி நிற்கும் இல்லத்துக்குள் அப்படி நம்பி அனுப்பப்பட்ட சிறுவனின் உள்ளம் எவ்வளவு நிமிர்ந்திருக்கும்! தான் வேண்டப்பட்டவன், தன் சொல்லுக்கும் செவி உண்டு என்னும் உணர்வு, குழந்தையின் மனத்துக்குச் சோற்றையொத்த ஆகாரம்.

அந்த ஆகாரத்தைத்தான் நாம் அறியாமலே மறுத்துவிடுகிறோம். தகப்பன் கடல் தொழிலுக்குப் போன இரவில், கச்சான் காற்று கதவை உலுக்கும்போது, "அப்பா எப்பம்மா வருவாவ?" என்று நான்காம் முறையாகக் கேட்கும் குழந்தைக்கு, "சும்மா படு" என்பதே விடையாகிறது. தாயின் சினமும் அச்சத்தில் பிறந்ததே. ஆயினும் பயத்தை வெளியிடுவது குற்றமென்று குழந்தை கற்றுக்கொள்கிறது. அடக்கிய பயம் மறுநாள் சோறு மறுப்பதாகவும், தம்பியை அடிப்பதாகவும், சில வேளை படுக்கையை நனைப்பதாகவும் வெளிப்பட, நாம் காரணத்தை ஆராயாமல் காரியத்தைத் தண்டிக்கிறோம். ஜான் போல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கையில், தாயோடோ, தாயின் ஸ்தானத்தில் நின்று வளர்ப்பவரோடோ இடையறாத அன்புறவு இளங்குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்று வலியுறுத்தினார்.

கண்டிப்பே கூடாதென்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலை விதித்த பவுலடியார், கொலோசையருக்கு எழுதிய நிருபத்தில் அதே மூச்சில் தந்தையரையும் எச்சரித்தார். சவேரியாரும் தம் துணைவர் மன்சிலாஸுக்கு எழுதுகையில், பிழை செய்யும் மக்களிடம் நல்ல தகப்பன் காட்டும் பொறுமையையே இக்கரை மக்களிடம் காட்டச் சொன்னார். ஆனால் "சாமி கண்ணைக் குத்தும்" என்று மிரட்டும் பழக்கம், விசுவாசமுள்ள குடும்பம் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை என்பேன். பயந்த வேளையில் ஓடி ஒளியவேண்டிய மடியையே பயத்துக்குரியதாக்கிவிட்டால், அக்குழந்தை வேறு யாரிடம் போகும்?

செபமாலை முடிந்ததும் விளக்கை அணைக்க விரையாதீர்கள். "இன்னைக்கு எதை நெனச்சுப் பயந்த மக்கா?" என்று கேட்டு, குழந்தை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் அரை நாழிகை உட்கார்ந்திருங்கள்; தகப்பன் கரையேறி வீட்டிலிருக்கும் நாளானால், அந்தக் கேள்வியை அவரே கேட்கட்டும்.