எழுத்துருவுக்குத் தெரியாத கையின் வழி

வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை இணைப்பாக வருகிறது. தொட்டதும் வெள்ளைத் திரை. இடது ஓரத்தில் ஒரு கோடு முளைக்கிறது, வளைகிறது, சுழிக்கிறது, மணமகளின் பெயராகி நிற்கிறது. பார்ப்பவர் அதை வீடியோ என்றுதான் நினைப்பார். ஆனால் அங்கே ஓடுவது சில வரி உரைதான். எந்தக் கணினியிலும் திறந்து, கையாலேயே திருத்திவிடக்கூடிய உரை.

அந்த உரையின் பெயர் எஸ்விஜி. புகைப்படம் என்பது வண்ணப் புள்ளிகளின் கூட்டம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். எஸ்விஜி போன்ற வெக்டர் படமோ வழி சொல்வதைப் போன்றது. இங்கே தொடங்கு, கீழே 60 அலகு போ, வலப்பக்கம் 60 போ, மேலே 60 போ. இந்த மூன்று அடியில் ‘ப’ வந்துவிடும். கைபேசியிலும் சரி, கல்யாண மண்டபத்துப் பெரிய திரையிலும் சரி, விளிம்பு பிசிறடிக்காது. ‘ழ’வுக்கு வளைவுகள் வேண்டும். அந்த வளைவுகளின் கணக்கு பிரான்ஸின் கார் தொழிற்சாலைகளில் பிறந்தது. ரெனோவில் பியர் பெசியேயும் சித்ரோயனில் பால் த காஸ்தல்ஜோவும் காரின் உடல் வளைவுகளுக்காகத் தனித்தனியே கண்டடைந்த முறை அது.

1998இல் வெக்டர் படத்துக்கு இரண்டு அணிகள் இரண்டு முறைகளை முன்வைத்தன. அடோபியும் தோழமை நிறுவனங்களும் ஒருபக்கம், மைக்ரோசாஃப்டும் அதன் கூட்டாளிகளும் மறுபக்கம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பொதுவான ஒரு முறையை உருவாக்கி, 2001 செப்டம்பரில் எஸ்விஜியின் முதல் பதிப்பை வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதை ஏற்றுக்கொள்ள 2011 வரை ஆயிற்று.

கோடு தானாக எழுதிக்கொள்ளும் வித்தைக்கு வருவோம். நெடுஞ்சாலையின் நடுவே விட்டுவிட்டுப் போட்ட வெள்ளைக் கோட்டைப் போல, ஒரு கோட்டைத் துண்டு துண்டாக வரையச் சொல்ல எஸ்விஜியில் ‘ஸ்ட்ரோக் டேஷ்அரே’ என்றொரு பண்பு உண்டு. துண்டின் நீளம் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்று எண் கொடுத்தால் போதும். நம் ‘ப’வின் மொத்த நீளம் 180 அலகு. துண்டும் 180, இடைவெளியும் 180 என்று வைத்தால் எழுத்து முழுவதும் ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும். ‘ஸ்ட்ரோக் டேஷ்ஆஃப்செட்’ என்ற இன்னொரு பண்பு, இந்தத் துண்டையும் இடைவெளியையும் வழிநெடுக நகர்த்தும். 180 அலகு நகர்த்தினால் எழுத்தின்மேல் இடைவெளி மட்டுமே விழும். திரையில் ஒன்றும் தெரியாது. அந்த 180ஐ இரண்டு நொடியில் மெல்ல 0க்குக் கொண்டுவந்தால், ஒளிந்திருந்த துண்டு தொடக்கப் புள்ளி வழியாக நழுவி உள்ளே வருகிறது. பேனா எழுதுவதாக நம் கண் எடுத்துக்கொள்வது இந்த நழுவலைத்தான்.

வளைந்த கோட்டின் நீளத்தை நூல் வைத்து அளக்க வேண்டியதில்லை. உலாவியே அளந்து சொல்லும். அல்லது நீளம் 1 என்று நாமே அறிவித்துவிட்டால், மற்றக் கணக்கையெல்லாம் அது அந்த 1க்குப் பொருத்திக்கொள்ளும்.

2013இல் இந்த உத்தியைக் கூகிளில் பணியாற்றிய ஜேக் ஆர்ச்சிபால்ட் விளக்கி எழுதினார். அதே ஆண்டின் இறுதியில் ‘பாலிகன்’ என்ற அமெரிக்க விளையாட்டு இதழ், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளின் விமர்சனப் பக்கங்களில் அந்தக் கருவிகளையே கோடு கோடாக வரையவிட்டது. அதன் பிறகு வலை வடிவமைப்பாளர்களிடையே இது வேகமாகப் பரவியது.

விளையாட்டுக் கருவியை வரைவதில் சிக்கல் இல்லை. எழுத்தில்தான் இடறுகிறது. ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவிலிருந்து ‘அ’வை எடுத்து இதே வித்தையைச் செய்து பார்த்தால், பேனா எழுத்தை எழுதாது, எழுத்தின் கரையைச் சுற்றிவரும். குளத்தைச் சுற்றி நடப்பவரைப் போல ஒருபக்க விளிம்பில் போய் மறுபக்க விளிம்பில் திரும்பும். காரணம், எழுத்துருவில் இருப்பது மூடிய வெளிவரம்பு மட்டுமே. அதற்குள் மை நிரப்பினால் எழுத்து. கை எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் சுழித்தது, எங்கே எடுத்தது என்ற செய்தி எதுவும் அதில் இல்லை.

வேறு வழியில் யோசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 1967இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஆலன் ஹெர்ஷி உருவாக்கிய எழுத்துக்கள் வெறும் கோடுகளால் ஆனவை. கணிப்பொறி அறிஞர் டொனால்ட் நூத் 1970களின் இறுதியில் செய்த மெட்டாஃபாண்ட், ஒரு பேனா முனை ஒரு வழியில் போவதாகவே எழுத்தை விவரித்தது. ஆனால் அச்சுத் துறை போஸ்ட்ஸ்கிரிப்ட், ட்ரூடைப் என்ற எழுத்துரு முறைகள் வழியே வெளிவரம்புப் பக்கம் போய்விட்டது. அச்சுக்கு அதுவே போதுமானது. எழுதக் கற்கும் குழந்தைக்குப் போதாது.

இழந்த கையின் வழியை மீட்கச் சீன, ஜப்பானிய எழுத்துக்களுக்காகச் சிலர் பாடுபட்டிருக்கிறார்கள். ‘காஞ்சிவிஜி’ என்ற திறந்த தொகுப்பில், ஜப்பானிய மொழியில் வழங்கும் சீன எழுத்தான காஞ்சி ஒவ்வொன்றும் கை போகும் வரிசையிலும் திசையிலும் கோடு கோடாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ‘மேக் மீ எ ஹான்சி’ தொகுப்பில் 9000க்கும் மேற்பட்ட சீன எழுத்துக்கள். இதன் உத்தி அழகானது. ஒவ்வொரு கோட்டின் நடுவழியாகவும் ஒரு தடித்த கோடு ஓடுகிறது. ஆனால் அது அந்தக் கோட்டின் உண்மையான வடிவம் என்ற சன்னலுக்குள் மட்டுமே தெரிகிறது. தூரிகையின் தடிப்பும் மெலிவும் அப்படியே கிடைக்கின்றன. எழுத்தைத் துண்டுகளாகப் பிரிப்பதற்கும் காரணம் உண்டு. மூன்று சுழி ‘ண’வை ஒரே துண்டாக வைத்தால், முதல் சுழியில் ஓடும் தடித்த கோடு பக்கத்துச் சுழியின் ஓரத்தையும் முன்கூட்டியே காட்டிவிடும்.

தமிழுக்கு இதைச் செய்ய எவ்வளவு வேலை? 247 எழுத்தையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. துணைக்காலையும் கொம்புகளையும் ஒருமுறை வரைந்து வைத்தால் எல்லா மெய்களோடும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் உகர, ஊகார வரிசை விட்டுக்கொடுக்காது. கு, சு, து, மு என்று மெய்க்கு மெய் உருவம் மாறுவதால் அந்த 36ஐயும் கையால்தான் வரைய வேண்டும். ஒரு நல்ல தமிழாசிரியரும் ஒரு வடிவமைப்பாளரும் சேர்ந்து உட்கார்ந்தால் முடியக்கூடிய வேலை. செய்ய வேண்டிய வேலையும்கூட.

வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘கொக்கு’ என்ற சொல்லை யூனிகோட் ஒலியின் வரிசையில் சேமிக்கிறது: முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. அதே வரிசையில் அசைவூட்டினால் வெற்றிடம் விட்டு ‘க’ தோன்றி, பிறகு அதன் இருபுறமும் கொம்பும் காலும் முளைக்கும். எந்தப் பிள்ளையும் அப்படி எழுதாது. கையின் வரிசை வேறு: ஒற்றைக் கொம்பு, க, துணைக்கால், க, புள்ளி, கு.

அசைவு பார்த்தாலே சிலருக்குத் தலை சுற்றும். அவர்கள் தங்கள் கருவியில் அசைவைக் குறைக்கச் சொல்லி வைத்திருந்தால், பக்கம் அதைக் கேட்டு எழுத்தை முழுதாகவே காட்டிவிட வேண்டும். கோடாக வரைந்த சொல் பார்வையற்றோரின் திரைவாசிப்பிக்கு வெறும் படம் என்பதால், அந்தச் சொல்லைச் சாதாரண உரையாகவும் உள்ளே எழுதிவைப்பது அவசியம்.

நேரக் கணக்கும் உண்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரே நேரம் கொடுத்தால் துணைக்கால் ஊர்ந்து வரும், ‘கு’ பறந்துவிடும்; நீளத்துக்கு ஏற்பப் பங்கிட வேண்டும். புள்ளிக்கோ நீளமே கிடையாது, நழுவி வர அதற்கு வழியில்லை. ‘கொக்கு’ என்ற சொல்லில் இரண்டாவது ‘க’ முடிந்ததும் பேனாவைத் தூக்கி மேலே கொண்டுபோகும் அளவுக்குச் சற்றுப் பொறுத்து, புள்ளியைச் சட்டென்று தோன்றவைத்து, அதன் பிறகே ‘கு’வைத் தொடங்கவிட வேண்டும்.