பத்து இலட்சம் பெட்டிகளும் ஒரு பெயரேடும்

அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். முகவரியைப் படித்தவுடன் கடிதம் உரிய அறையில் போய் விழும். எது எங்கே என்பது அவருக்கு மனப்பாடம். மின்னஞ்சலைப் பெற்று அவரவர் பெட்டியில் சேர்க்கும் கணிப்பொறிக்கு, அதாவது மின்னஞ்சல் வழங்கிக்கு, அந்தப் பெயரேடு வட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதையே தரவுத்தளம் என்கிறோம். பெட்டிகள் பத்து இலட்சமானால் அதை எவ்வாறு அமைப்பது?

விரைவு மட்டுமே இங்குக் கவலையன்று. ‘கடிதம் பெற்றேன்’ என்று வழங்கி விடையளித்துவிட்டால், அனுப்பிய கணிப்பொறி தன் பொறுப்பு முடிந்ததெனக் கொள்ளும். அடுத்த கணம் மின்சாரம் நின்றாலும் கடிதம் தொலையக் கூடாது.

முதலில் எளிய முறையைக் காண்போம். பெயர்களை அகரவரிசையில் ஒரே கோப்பில் எழுதுவோம். நடுப்பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கி, மறுபாதியிலும் அவ்வாறே தேடலாம். இருபது 2-களைப் பெருக்கினால் 10,48,576. எனவே 20 ஒப்பீடுகள் போதும். ஆனால் புதிய பெயர் ஒன்றை இடையில் சேர்க்கக் கோப்பு முழுவதையும் மீண்டும் எழுத வேண்டும்!

தேடுவதிலும் ஓர் இடர் உண்டு. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் காந்தவட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கிறது. வேண்டிய பகுதி படிமுனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4.2 மில்லி விநாடி ஆகும். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் வட்டை நாடினால் மொத்தம் 84 மில்லி விநாடி. இதைக் குறைப்பது பி-மரம். பேயர், மெக்கிரெய்ட் என்ற இருவர் இதனை 1972-இல் விரிவாக விளக்கினர். ஒவ்வொரு கணுவிலும் 100 கிளைகள் இருப்பின், மூன்றே படிகளில் பத்து இலட்சம் பெயர்களை எட்டலாம். காத்திருப்பு 13 மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும்.

1990-இல் வில்லியம் பியூ என்பவர் தாவுபட்டியல் என்ற மற்றொரு முறையை வெளியிட்டார். விரைவு வண்டியில் பெரிய நிலையம் வரை சென்று, அங்கிருந்து சாதாரண வண்டியில் சிற்றூரை அடைவது போன்றது இது. மேலடுக்கில் சில பெயர்கள். கீழடுக்கில் எல்லாப் பெயர்களும்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘சைரஸ்’ வழங்கியில் இம்முறைகள் யாவும் பயன்பட்டன. அதில் ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு. பட்டியல்கள் மட்டுமே தரவுத்தளத்தில் இருக்கும். அவற்றுள் இரண்டை நோக்குவோம். பெட்டிகளின் பட்டியல் ஓயாமல் படிக்கப்படும், மாறுவது அரிது. அது கெட்டால் எவருடைய பெட்டியும் அகப்படாது. மற்றொன்று, ஒரே கடிதம் இருமுறை சேராதிருக்க வைத்திருக்கும் வருகைக் குறிப்பு. கடிதந்தோறும் இதில் எழுத வேண்டும். இது அழிந்தாலோ, சில கடிதங்கள் இருமுறை வரக்கூடும், அவ்வளவே.

ஆகவே முதற்பட்டியலுக்குத் தாவுபட்டியல் பொருந்தியது. சைரஸ் அமைப்பில் மாற்றங்கள் கோப்பின் இறுதியில் சேர்க்கப்படும். மின்தடையால் ஒரு பதிவு அரைகுறையாய் நின்றால், அதை மட்டும் வெட்டிவிட்டு மீளலாம். வருகைக் குறிப்புக்குப் பி-மரத்தைக் கையாளும் ‘பெர்க்கிலி டி.பி.’ பயன்பட்டது. அங்கே வட்டில் பதிந்ததா என்று ஒவ்வொரு முறையும் காத்திராமல் விரைவைப் பெற்றனர். எனினும் அதன் பூட்டுகளையும் தனிப் பதிவேடுகளையும் பேணுவது தொல்லையாயிற்று. சைரஸின் 3.0 பதிப்பில் அது கைவிடப்பட்டது.

சுழலாத மின்னணு வட்டுகள் இன்று காத்திருப்பை வெகுவாகக் குறைத்துள்ளன. மின்தடையின் அபாயம் மட்டும் நீங்கவில்லை. எனவே எந்தத் தரவுத்தளம் சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எத்தனை முறை படிப்போம், எத்தனை முறை எழுதுவோம், அழிந்தால் எதை இழப்போம் என்று ஒவ்வொரு பட்டியலுக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.