32 ரிங்கிட்டா, 5 ரிங்கிட்டா?

பள்ளி விற்பனை நாளுக்காகப் பைத்தன் மொழியில் ஒரு சிறு நிரலை எழுதுகிறீர்கள் எனக் கொள்வோம். நாசி லெமாக் 3 ரிங்கிட். மைலோ 2 ரிங்கிட். இரு விலைகளையும் தட்டச்சு செய்து கூட்டச் சொல்கிறீர்கள். திரையில் 5 வரவில்லை, 32 வருகிறது. வரிசையில் நிற்பவர் அவ்வளவு பணம் கொடுப்பாரா?

கணினிக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. 'இன்புட்' எனும் கட்டளை, நாம் தட்டும் எதையும் எழுத்துகளின் தொடராகவே பெற்றுக்கொள்கிறது. இத்தொடரைச் 'சரம்' என்பர். இரு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறியை இட்டால், பைத்தன் அவற்றை ஒட்டிவிடும். 'தாய்' என்பதும் 'மொழி' என்பதும் சேர்ந்து 'தாய்மொழி' ஆவது போல, 3உம் 2உம் சேர்ந்து 32 ஆகின்றன. (2008இல் வெளிவந்த பைத்தன் 3 முதல்தான் இப்படி. அதற்கு முந்தைய பதிப்பில் இதே கட்டளை 3ஐ எண்ணாகவே ஏற்றது. பழைய நூலைப் பார்த்து எழுதுவோர் கவனிக்க வேண்டும்.)

தீர்வு எளிது. 'இன்ட்' எனும் கட்டளை சரத்தை முழு எண்ணாக மாற்றும். விலையைப் பெறும் வரியிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். பிறகு எங்கே கூட்டினாலும் விடை 5தான்.

அடுத்து, 'மொத்தம்' என்ற சொல்லோடு அந்த 5ஐக் கூட்டல் குறியால் இணைத்து அச்சிட முயன்றால், நிரல் நின்று 'டைப் எரர்' என்று காட்டும். சரத்தையும் எண்ணையும் கூட்டப் பைத்தன் மறுக்கிறது. கூட்டல் குறிக்குப் பதிலாகக் காற்புள்ளியை இட்டால் போதும். இச்செய்தியைக் கண்டு பல மாணவர்கள் பதறுகின்றனர். உண்மையில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வந்த 32தான் ஆபத்தானது. பிழைச்செய்தியோ எந்த வரியில் கோளாறு என்பதையே சொல்லிவிடுகிறது. அதன் கடைசி வரியை முதலில் படியுங்கள்.

நாசி லெமாக்கின் விலை 3.50 என்றால்? 'இன்ட்' அதை ஏற்காது. 'வேல்யூ எரர்' என்று நின்றுவிடும். 'ஃபுளோட்' எனும் கட்டளை தசம எண்ணை ஏற்கும். ஆனால், அது எல்லாத் தசமங்களையும் துல்லியமாக வைத்துக்கொள்வதில்லை. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். பணக் கணக்கிற்குச் சென்னே நல்லது. 3.50 ரிங்கிட்டை 350 என உள்ளிட்டால் 'இன்ட்' போதும். மொத்தத்தை இறுதியில் 100ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

விலையோடு 'சென்' என்ற சொல்லையும் சேர்த்துத் தட்டுபவர் ஒருவராவது இருப்பார். அப்போதும் நிரல் நின்றுவிடும். விலையைக் கேட்கும் வாசகத்திலேயே 'சென் கணக்கில், எண் மட்டும்' என்று எழுதி வையுங்கள்.