எஞ்சின் எண்ணெயும் அதன் வெப்பமும்: ஆலங்குடாக் கரையில் ஒரு நோக்கு

கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்கரைக் கிராமங்களுள் ஒன்று ஆலங்குடா. அதற்கு அண்மையிலுள்ள நுரைச்சோலையில், 900 மெகாவாற்று வலுவுடைய நிலக்கரி மின்நிலையம் 2011 முதல் 2014 வரையான காலத்திற் கட்டங்கட்டமாக இயங்கத் தொடங்கியது. அங்கு எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் அரைப்பங்குக்கும் மேற்பட்டது மின்னாக மாறுவதில்லை. எஞ்சியதிற் பெரும்பகுதியைக் கடல்நீரே சுமந்து செல்கின்றது. வெப்பத்தை வேலையாக மாற்றும் பொறி எதுவாயினும், ஒரு பகுதி வெப்பத்தை வெளியேற்றியே ஆகவேண்டும் என்பது வெப்பவியக்கவியலின் நியதி. மின்நிலையத்தைக் கடந்து மணற்பாதையிற் செல்லும் காரும் இந்நியதிக்கு உட்பட்டதே.

விரைவுக்காக வலுவேற்றப்பட்ட காருக்கு, வெளிச்சந்தையில் விற்கப்படும் எண்ணெய்க் குளிர்த்தியை எவ்வாறு தெரிவு செய்வது என்பதே இங்கு நாம் ஆராயும் பொருள். கராஜ்களில் இதனை ‘ஒயில் கூலர்’ என்பர். இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு அன்றோ என வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டின் வாகனங்கள் முதுமையடைந்தன. திருத்துவோரின் உழைப்பே அவற்றை ஓடச் செய்தது. அவ்வுழைப்பாளரின் கைக்கு வரும் பொருள்கள் பற்றிய அறிவோ பெரும்பாலும் ஆங்கில விலைப்பட்டியல்களுள் அடங்கிக் கிடக்கின்றது. விற்பவர் சொல்வதே விஞ்ஞானம் என ஏற்கப்படும் நிலை இதனால் உருவாகின்றது. இதனை மாற்றுதல் தமிழில் எழுதுவோரின் கடமைகளுள் ஒன்றெனக் கருதுகிறோம்.

1. எண்ணெயின் பணி

எண்ணெய் உராய்வைக் குறைக்கின்றது என்பதை யாவரும் அறிவர். அது வெப்பத்தைச் சுமக்கும் பாய்பொருளும் ஆகும் என்பதைப் பலர் கருதுவதில்லை. ரேடியேற்றரின் நீர் உருளைகளின் சுவரையும் தலையையும் குளிர்விக்கின்றது. பிஸ்டனின் அடிப்புறத்தையும் கிராங்குத் தண்டின் பெயாரிங்குகளையும் எட்டுவது எண்ணெயே.

வெப்பம் ஏற எண்ணெய் இளகும். கலத்தின் மேல் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40 எனப் பொறிக்கப்படுவதில், இறுதி எண் சூடான நிலையிலுள்ள பாகுநிலையின் தரத்தைக் காட்டுகின்றது. எஸ்.ஏ.ஈ. நியமப்படி, 100 பாகை செல்சியசில் 40ஆம் தரத்தின் பாகுநிலை செக்கனுக்கு 12.5 முதல் 16.3 வரையான சதுர மில்லிமீற்றர். 30ஆம் தரத்துக்கு 9.3 முதல் 12.5 வரை. 40ஆம் தர எண்ணெய் 130 பாகைக்கு ஏறுமாயின், 100 பாகையிலுள்ள 30ஆம் தரத்திலும் அது இளகிவிடும். உயர்ந்த தரம் என விலைகொடுத்து வாங்கியது வெப்பத்தினால் தாழ்ந்த தரமாகின்றது. அன்றியும், வெப்பநிலை ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் ஒட்சியேற்ற வேகம் இரட்டிக்கும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணிப்பு.

மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். எண்ணெய் போதிய அளவு சூடேறாவிடின் அதனுட் சேரும் நீரும் எரியா எரிபொருளும் ஆவியாகி நீங்குவதில்லை; அவை கசடாகவும் அமிலமாகவும் நின்று உலோகத்தை அரிக்கும். ஆகவே, குளிர்த்தியின் நோக்கம் எண்ணெயை இயன்றளவு குளிரச் செய்வதன்று. ஏறத்தாழ 90 முதல் 110 பாகை வரையான எல்லையுள் அதனை நிறுத்துவதேயாம். தெரிவு பற்றிய ஏனைய முடிவுகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

2. அளவிடல் முதற்படி

காரிலுள்ள வெப்பமானி நீரின் வெப்பநிலையையே காட்டும். எண்ணெயின் நிலையை அதனாற் கூறவியலாது. எனவே முதலில் வாங்கவேண்டியது குளிர்த்தியன்று, எண்ணெய் வெப்பமானியும் அமுக்கமானியுமே. வழக்கமாக ஓட்டும் முறையில், வெயில் மிகுந்த நாளில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். 110 பாகையைத் தாண்டாத எஞ்சினுக்குக் குளிர்த்தி வேண்டுவதில்லை. 120 பாகையைக் கடந்து நெடுநேரம் நிற்குமாயின் அது தேவை.

தேவை என்பது பயன்பாட்டைப் பொறுத்தது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 முதல் அறியப்பட்டது. குளிர்ந்த மலைநாட்டில் மிகக் குறுகிய நேரத்தில் முடிந்துவிடும் அவ்வோட்டத்தில், எண்ணெய் தன் உரிய வெப்பநிலையை அடைவதே சிரமம். அதே கார் வட்டப்பாதைப் பந்தயத்திற் பல சுற்றுக்கள் ஓடினால் நிலைமை தலைகீழாகும்.

3. வகைகள்

குளிர்த்திகள் இருவகை. ஒன்றில் எண்ணெயின் வெப்பத்தை ரேடியேற்றர் நீர் ஏற்கின்றது. மற்றையதில் வளி நேரே ஏற்கின்றது. இலங்கைப் பந்தயங்களிற் காணும் இரு கார்களே இதற்கு எடுத்துக்காட்டு. டேர்போ பூட்டிய சுபாரு இம்ப்றெசா முதல்வகையுடனும், மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் இரண்டாம் வகையுடனும் ஆலையிலிருந்தே வந்தவை. நீர்வகை எண்ணெயை விரைவிற் சூடாக்கவும் உதவும். ஆனால் ரேடியேற்றரின் சுமையைக் கூட்டும். வளிவகை கூடிய வெப்பத்தை அகற்றும்; ஆனால் நீண்ட குழாய்களும் காற்றோட்டமும் வேண்டும்.

குளிர்த்தியை வைக்கும் இடமும் ஆராயற்பாலது. நம் நாட்டிற் பலரும் அறிந்த வொக்ஸ்வாகன் பீட்டில் காரில், எண்ணெய்க் குளிர்த்தி விசிறிக் கவசத்தினுள் நின்று மூன்றாம் உருளைக்குச் செல்லும் காற்றை மறித்தது. அவ்வுருளை ஏனையவற்றிலும் சூடேறிப் பழுதுற்றமை பிரசித்தம். 1971ஆம் ஆண்டு மாதிரியில் குளிர்த்திக்குத் தனிக் காற்றுவழி அமைத்தே அக்குறை தணிக்கப்பட்டது. ஒன்றைக் குளிர்விக்க முனைந்து மற்றொன்றைச் சூடேற்றல் ஆகாது. ரேடியேற்றருக்கு நேர்முன்னே குளிர்த்தியைப் பூட்டுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

4. உறுப்புகளின் தெரிவு

வளிவகையில் அடுக்குத் தட்டுக் குளிர்த்தி, குழாயும் சிறகும் கொண்ட எளிய அமைப்பிலும் திறன் மிக்கது. சந்தையில் 10, 13, 16, 19, 25 வரிசை எனப் பல அளவுகள் உண்டு. பெரியதே சிறந்தது என்பது விற்பனையாளரின் வாதம்; அளந்த மிகைவெப்பத்துக்கு ஏற்றதே சிறந்தது.

வடிக்கும் எஞ்சினுக்கும் இடையிற் பூட்டும் இடைத்தட்டில் தேமோஸ்டற் இருத்தல் இன்றியமையாதது. எண்ணெய் ஏறத்தாழ 80 பாகையை எட்டும்வரை அது பெரும்பகுதியைக் குளிர்த்திக்குச் செல்லவிடாது. சிறிதளவு எப்போதும் கசிந்து செல்லுதல் குற்றமன்று; குளிர்ந்த எண்ணெய் திடீரெனப் புகுவதை அது தவிர்க்கும்.

குழாய்களிற் பொறிக்கப்படும் ஏ.என். 10 என்பது ஓர் அங்குலத்தின் பதினாறில் பத்துப் பங்கு என்ற அளவு. குறுகிய குழாய் அமுக்க இழப்பைக் கூட்டும். சிக்கனம் செய்யத் தகாத இடம் இதுவே. குளிர்த்தி சற்றுச் சிறிதாயின் எண்ணெய் சூடேறும்; குழாய் கழன்றால் எண்ணெய் முழுதும் சில நொடிகளில் வெளியேறி எஞ்சினே அழியும். மற்றும் ஒரு விதி: பெயாரிங் உடைந்த எஞ்சினின் குளிர்த்தியைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாகாது. உள்ளே தங்கிய உலோகத் துகள் புதிய எஞ்சினையும் கெடுக்கும்.

5. ஆலங்குடாவின் சூழல்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் ஒக்டோபர் வரை இக்கரையிற் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் காருக்கு வேண்டுவது குளிர்த்தியின் ஊடாகச் செல்லும் காற்று. மணலிற் கீழ்க்கியரில் ஊரும்போது எஞ்சின் கடுமையாக உழைக்கும். காரின் வேகமோ குறைவு. முதுகுப்புறமிருந்து வீசும் காற்று உதவாது. இங்கு வளிவகைக்கு மின்விசிறி துணையாதல் வேண்டும். அன்றேல் நீர்வகையே பொருந்தும்.

உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கும். அதனுடன் பித்தளைப் பூட்டுக்கள் இணைந்தால் மின்னிரசாயன அரிப்பு விரைவுறும். மணல் சிறகுகளின் இடைவெளியை அடைக்கும். ஆகவே முன்னே கம்பிவலையும், நன்னீராற் கழுவும் வழக்கமும் அவசியம்.

தொகுத்து நோக்கின், அளவிடுதல் முதலாவது. தேமோஸ்டற்றும் குழாய்களும் இரண்டாவது. குளிர்த்தியின் பருமன் மூன்றாவது. சந்தை இவ்வரிசையைத் தலைகீழாக்கியே காட்டுகின்றது. கண்ணுக்குத் தெரியும் பொருளை விற்பது எளிது. தேவையில்லை என்ற முடிவை விற்க எவரும் முன்வரார். ஐந்து நிமிட அளவீட்டைச் செய்யத் தெரிந்த கராஜ் தொழிலாளி, அம்முடிவைத் தானே எடுக்க வல்லவனாகிறான். அந்த அளவீட்டின் பொருளை அவனது மொழியிலே சொல்லுவதற்கே இக்கட்டுரை முனைந்தது.