ஒரு மணி நேர வேலை, ஒரு நாள் பிழைப்பு
டாக்சிக் கண்ணாடி உடைந்தால் என்ன செய்ய வேண்டும்?

மழைக்காலம். காலை 5 மணி. தாராவி 90 அடி சாலையில் இரவு நிறுத்திய டாக்சியை எடுக்க டிரைவர் வருகிறார். பின்கதவில் கண்ணாடியைக் காணோம். சீட்டு முழுவதும் கற்கண்டைக் கொட்டியதுபோல் கண்ணாடித் துண்டுகள். மழைத் தண்ணீர் வேறு உள்ளே தேங்கி நிற்கிறது. உடைத்தது யார் என்று தெரியாது. அன்றைய சவாரி போயிற்று என்பது மட்டும் தெரிகிறது.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் டாக்சியோ கம்பெனிக் காரோ ஓட்டிப் பிழைக்கும் தமிழர்களில் யாருக்கும் இது நேரலாம். கண்ணாடி மாட்டும் வேலை ஒரு மணி நேரம்தான். ஆனால் அந்தக் கண்ணாடி கைக்கு வந்து சேருவதற்குள் ஒரு நாள் பிழைப்பு, சில சமயம் இரண்டு நாள் பிழைப்பு போய்விடுகிறது. முன்கூட்டியே விவரம் தெரிந்தவர் தப்பித்துக் கொள்கிறார்.

பத்மினி காலம்

முன்பு இந்தத் தொல்லை இல்லை. மும்பையில் ஓடிய டாக்சிகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். குர்லா தொழிற்சாலையில் தயாரான பிரிமியர் பத்மினி. ஒரு வண்டியின் கண்ணாடி இன்னொரு வண்டிக்குப் பொருந்தும். முன் கண்ணாடியைச் சுற்றி ரப்பர்தான் இருக்கும். ரப்பர் பள்ளத்தில் கயிறு விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியே இருந்து தட்டுவார். மற்றொருவர் உள்ளே இருந்து கயிற்றை இழுப்பார். கண்ணாடி உட்கார்ந்துவிடும்.

கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-ந்தேதி தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானது. மும்பையில் டாக்சியின் ஆயுள் 20 ஆண்டு. ஆகவே 2023 அக்டோபர் 30-ந்தேதியோடு பத்மினி டாக்சி விடைபெற்றுவிட்டது.

இன்று பல கம்பெனி வண்டிகள் டாக்சியாக ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி வேறு. ஒரே வண்டியில் இடது கதவுக் கண்ணாடி வலது கதவுக்குப் பொருந்தாது. ஆகவே கடைக்கு ஓடுவதற்கு முன் போன் செய்ய வேண்டும். வண்டியின் பெயர், தயாரான ஆண்டு, எந்தக் கதவு, இடமா வலமா என்ற விவரங்களைச் சொல்ல வேண்டும். சரக்கு இருக்கிறது என்ற பிறகே வண்டியை எடுக்க வேண்டும். காலையில் பேசும் இந்த ஐந்து நிமிடம் பாதி நாளை மிச்சப்படுத்தும்.

இரண்டு வகைக் கண்ணாடி

கார் கண்ணாடியில் இரண்டு வகை உண்டு. முன் கண்ணாடி இரண்டு தகடுகளை நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. கல் பட்டால் விரிசல் விடும். ஆனால் சிதறாது. சிறிய புள்ளி அளவு சேதம் என்றால் பசை ஊற்றிச் சரி செய்யலாம். விரிசல் நீளும்வரை விட்டால் முழுக் கண்ணாடிக்கும் செலவு வரும்.

கதவுக் கண்ணாடி பொதுவாகச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துப் பலப்படுத்தியது. உடைந்தால் மழுங்கிய சிறு துண்டுகளாக உதிரும். அதை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

இப்படிப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடியைத்தான் பொருத்த வேண்டும் என்பது 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீத வெளிச்சமும் ஊடுருவ வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டு ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் போட்டால், விபத்தில் அது கத்தியாக மாறும். கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

செலவும் நேரமும்

சிறிய காரின் கதவுக் கண்ணாடி, கூலி உள்பட ஏறக்குறைய ஆயிரம் முதல் மூவாயிரம் ரூபாய்க்குள் முடியும். முன் கண்ணாடிக்கு அதைவிட அதிகம் ஆகும். 2025 பிப்ரவரியில் மும்பை டாக்சியின் குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் 2,500 ரூபாய் கண்ணாடி என்பது 80 சவாரிக் காசு.

கதவுக் கண்ணாடிக்குப் பசை தேவையில்லை. கதவின் உள் அட்டையைக் கழற்றி, கண்ணாடியை மிஷினில் மாட்டி, அட்டையை மூடினால் வேலை முடிந்தது. முன் கண்ணாடி அப்படி அல்ல. இப்போதைய வண்டிகளில் அதைப் பசையால் ஒட்டுகிறார்கள். பசை இறுக ஒரு மணி முதல் சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் வண்டியை எடுத்தால் கண்ணாடி பிடிப்பு விட்டுவிடும்.

மெக்கானிக் கதவைத் திறந்ததும் அடியில் விழுந்த துண்டுகளை முழுவதும் எடுக்கச் சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் புதுக் கண்ணாடியில் கீறல் விழும். தண்ணீர் வடியும் துளை அடைத்துக் கதவு துருப்பிடிக்கும். பணம் கொடுக்கும் முன் கண்ணாடியை மூன்று முறை ஏற்றி இறக்கி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது நல்லது.

இன்சூரன்சில் கேட்கலாமா?

மூன்றாம் நபர் இன்சூரன்சு மட்டும் இருந்தால் கண்ணாடிக்குப் பணம் வராது. முழு இன்சூரன்சு இருந்தாலும் கணக்குப் பார்க்க வேண்டும். சிறிய சொந்தக் கார் ஒன்றுக்குச் சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய், விபத்தில்லாச் சலுகை 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிச் செலவு 2,500. அதில் கட்டாயக் கழிவு 1,000 போக, கைக்கு வருவது 1,500. ஆனால் அடுத்த ஆண்டு 2,800 ரூபாய்ச் சலுகை போய்விடும். சிறிய கண்ணாடிக்குக் கேட்காமல் இருப்பதே லாபம். முன் கண்ணாடி என்றால் கேட்கலாம். வண்டியில் இருந்த பொருள் திருடு போயிருந்தால் போலீசில் புகார் எழுதிக் கொடுப்பது அவசியம்.

சம்பளத்தில் பிடிக்கலாமா?

கம்பெனிக் கார் ஓட்டும் டிரைவர்களுக்கு இது முக்கியம். டிரைவரின் கவனக்குறைவால் நேர்ந்த சேதத்துக்கு மட்டுமே சம்பளத்தில் பிடிக்கலாம். அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் பிடிக்க வேண்டும். 1936-ம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இப்படிச் சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. இரவில் யாரோ உடைத்த கண்ணாடி டிரைவரின் தவறு ஆகாது. உடைந்ததைப் பார்த்தவுடன் போட்டோ எடுத்து, நேரத்தைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது.

கட்டை வைக்க வேண்டாம்

கண்ணாடி மிஷின் கெட்டுப்போனால், செலவுக்குப் பயந்து சிலர் உள்ளே மரக்கட்டை சொருகிக் கண்ணாடியை நிறுத்திவிடுகிறார்கள். 2005 ஜூலை 26-ந்தேதி சாந்தாகுரூசில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. அன்று வெள்ளத்தில் சிக்கிய கார்களின் கதவும் ஜன்னலும் திறக்க முடியாமல் உள்ளேயே சிலர் உயிரிழந்தனர். கதவுக் கண்ணாடி காற்றுக்கு மட்டும் அல்ல, ஆபத்தில் வெளியேறும் வழியும் அதுதான்.

ஆகவே மழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு கண்ணாடிகளையும் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட வேண்டும். கடையின் போன் நம்பரையும் வண்டியின் விவரத்தையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், உடைந்த அன்றும் மத்தியானச் சவாரியாவது மிஞ்சும்.