மெல்ல ஓடிப் பழகுவோம்: பின்னடைவின் பின் உடலை வேலைக்குத் திருப்புதல்

நீண்ட காலம் முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்துவிட்டுக் காணிக்குத் திரும்பியவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. முதல் இரண்டு நாளும் வேலை நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் நாரி பிடித்துக்கொண்டது. பிறகு இரண்டு கிழமை பாயில். எண்ணெய் பூசி, மருந்து எடுத்து, ஒருவாறு எழும்பி மீண்டும் அதே வேகத்தில் இறங்கினால் மீண்டும் அதே கதை. இப்படி இரண்டு மூன்று தடவை நடந்ததும், 'இனி இந்த உடம்பு தோட்டத்துக்கு உதவாது' என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். கையிலிருந்த கொஞ்சக் காசையும் கூலிக்குக் கொடுத்துவிட்டு, அறுவடையில் மிஞ்சுவது கடன்தான் என்று இருப்பவர்களும் உண்டு.

அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. பழுதாகிப் போனது உடம்பல்ல. தொடங்கிய வேகம்தான் பிழை.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுள் பல, இருபது வருடங்களுக்குப் பின்னரே தங்கள் செம்மண் காணியை மீண்டும் கண்டன. சில குடும்பங்களுக்கு அதற்கு முப்பது வருடம் பிடித்தது. இருபத்தைந்து வயதில் மண்வெட்டியைக் கீழே வைத்தவர் ஐம்பது வயதில் அதைத் தூக்குகிறார். கைக்குப் பழைய பழக்கம் மறக்கவில்லை. ஆனால் அது நினைவில் வைத்திருப்பது இருபத்தைந்து வயது வேகத்தை! அந்த வேகத்தில் வெட்டத் தொடங்கினால் நாரி தாங்குமா?

இந்தச் சிக்கலை நன்றாக ஆராய்ந்து வழி கண்டவர்கள் ஓட்டப் பயிற்சியாளர்கள். ஓட்டத்துக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மெல்ல ஓடுவதும் மண்வெட்டியால் கொத்துவதும் நெஞ்சுக்கும் மூச்சுக்கும் கிட்டத்தட்ட ஒரே விதமான பாரத்தையே கொடுக்கின்றன. தசைநாரையும் எலும்பையும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இழுப்பதிலும் இரண்டும் ஒன்றுதான். ஆகவே ஓட்டத்தில் கண்டறிந்தவை எமக்கும் உதவும். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஓக்லண்ட் நகரின் இருதய நோயாளர்

நியூசிலாந்து நாட்டின் ஓக்லண்ட் நகரில் ஆர்தர் லிடியார்ட் (1917 - 2004) என்றொரு பயிற்சியாளர் இருந்தார். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர் இருவர் தங்கப் பதக்கம் வென்றனர். பீட்டர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மரி ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் வென்றார்கள். இவர்களுள் ஹல்பேர்க் இளவயதில் றக்பி விளையாட்டில் காயப்பட்டு இடது கை வலுவிழந்தவர்.

பதக்கங்களை விட எமக்கு முக்கியமானது லிடியார்ட் செய்த இன்னொரு காரியம். மாரடைப்பு வந்தவர்களைப் படுக்கையிலேயே வைத்திருப்பதுதான் அக்காலத்து வழக்கம். அவரோ அத்தகைய நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் மெல்ல மெல்ல ஓடப் பழக்கினார். 1962இல் அங்கே இதற்கென ஒரு மெல்லோட்டக் கழகமும் அமைக்கப்பட்டது.

அவ்வாண்டு இறுதியில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழக ஓட்டப் பயிற்சியாளரான பில் பவர்மன் ஓக்லண்ட் வந்தார். வயது 51. பெரிய பயிற்சியாளர், ஆனால் தான் ஓடுவதை விட்டு வெகுகாலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கழகத்தவரோடு ஓடப் போனவர் சிறிது தூரத்திலேயே இளைத்துப் பின்தங்கிவிட்டார். மூன்று தடவை மாரடைப்பு வந்து பிழைத்தவரும் எழுபது வயதைத் தாண்டியவருமான ஒரு முதியவர் அவருக்குத் துணையாக வேகத்தைக் குறைத்து, பேசிக்கொண்டே கூட ஓடினார். பயிற்சியாளருக்குப் பதில் சொல்ல மூச்சில்லை! பவர்மன் சில கிழமைகள் அங்கே தங்கி நாள்தோறும் ஓடிப் பழகினார். பின்னர் தன் ஊருக்குப் போய்ச் சாதாரண மக்களுக்கு மெல்லோட்டம் பழக்கி, 1967இல் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

அந்தக் கழகத்தின் முக்கிய விதி மிகவும் எளியது: ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேசக்கூடியதாக இருக்கவேண்டும். பேச முடியவில்லையென்றால் வேகம் கூடிவிட்டது. கடிகாரமும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

மூச்சு முந்துகிறது, எலும்பு பிந்துகிறது

சும்மா இருப்பதால் உடம்புக்கு எவ்வளவு கேடு என்பதை 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் அளந்து பார்த்தார்கள். இருபது வயதுடைய, நோயற்ற ஐந்து வாலிபர்களை மூன்று கிழமை கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. அவர்களுடைய உடல் ஒக்சிசனைப் பயன்படுத்தும் வலு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. முப்பது வருடம் கழித்து, 1996இல், அதே ஐவரையும் தேடிப்பிடித்து மீண்டும் அளந்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தை விட அந்த மூன்று கிழமைப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்பது தெரியவந்தது. அத்தோடு அந்த ஐம்பது வயதினருக்கு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, வயதினால் இழந்த வலு முழுவதும் திரும்பியது. ஐந்து பேரைக் கொண்டு செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் 'வயது போய்விட்டது' என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

இனித்தான் கவனமாகப் பார்க்கவேண்டிய விடயம் வருகிறது. உடம்பின் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் திருந்துவதில்லை. வேலை தொடங்கிய சில கிழமைகளுக்குள் நெஞ்சும் மூச்சும் முன்னேறிவிடும். இளைப்பு குறையும், பசி எடுக்கும், நித்திரை வரும். தசையும் ஓரளவு விரைவாகவே வலுப்பெறும். தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார்களுக்கோ இரத்த ஓட்டம் குறைவு. அவை உறுதிப்பட மாதக்கணக்கில் செல்லும். எலும்பின் விடயம் இன்னும் விசித்திரமானது. புதிய பாரம் விழுந்ததும் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, அதன் பின்னரே புதிதாகக் கட்டுகிறது. பழைய வீட்டைத் திருத்துபவர் முதலில் உக்கிய மரத்தைக் கழற்றுவதைப் போல. கழற்றியதற்கும் கட்டுவதற்கும் இடைப்பட்ட கிழமைகளில் வீடு முன்பை விடப் பலவீனமாக இருக்கும். ஒரு சுற்று முடிய மூன்று மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

ஆகவே மூன்றாம் நான்காம் கிழமைதான் மோசம். மூச்சு 'போ, போ' என்கிறது. எலும்பும் நாரும் இன்னும் ஆயத்தமில்லை. 1855இல் புறுசிய நாட்டு இராணுவ வைத்தியர் ஒருவர், நீண்ட நடை போன சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி நோவதை எழுதி வைத்தார். விழாமல், அடிபடாமல், நடந்தே பாதத்து எலும்பில் ஏற்பட்ட வெடிப்பு அது என்பது பிற்காலத்தில்தான் விளங்கிற்று. இன்றும் படையில் புதிதாகச் சேருபவர்களுக்கும் ஓட்டத்தில் புதிதாக இறங்குபவர்களுக்கும் ஆரம்பக் கிழமைகளில் இதே காயம் வருகிறது. மூச்சை நம்பி வேகத்தைக் கூட்டியதற்கு எலும்பு கொடுக்கும் தண்டம் இது.

களைக்க முன் ஆறுதல்

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடிய ஜெவ் கலவே என்ற அமெரிக்கர், 1974இல் ஓடியே பழகாத சிலருக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். அவர் கையாண்ட முறை, சிறிது ஓடி, சிறிது நடந்து, மீண்டும் ஓடுவது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. களைத்த பின் நடப்பதல்ல. களைப்பு வருமுன்பே நடக்கவேண்டும். எமது ஆட்களுக்கு இதுதான் கடினம். 'இன்னும் ஏலும்தானே, ஏன் நிற்கவேண்டும்?' என்பார்கள். ஏலும் என்று இருக்கும்போது நின்றால்தான் நாளைக்கும் ஏலும்.

ஓடப் பழக விரும்பும் இளைஞர் முதல் இரண்டு கிழமையும் அரை மணித்தியால வேக நடையோடு நிற்கட்டும். அதன் பின் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டுத் தடவை. கிழமைக்கு மூன்று நாள், இடையிடையே ஓய்வு நாள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஓட்ட நேரத்தை ஒரு நிமிடத்தால் கூட்டினால் போதும். வேகத்தைப் பற்றி மூன்று மாதத்துக்கு நினைக்கவே வேண்டாம். தார் றோட்டை விடக் குளக்கட்டும் பாடசாலை மைதானமும் காலுக்கு நல்லவை. ஆனால் வெடிபொருள் அகற்றியதாக உறுதிசெய்யப்படாத பற்றைப் பக்கம் குறுக்கு வழி என்று இறங்கக்கூடாது. ஆட்கள் புழங்கும் பாதையே பாதை.

காணி வேலையில் இதையே கயிற்றால் அளந்து செய்யலாம். முதற் கிழமை, உங்களால் ஒரு காலையில் கொத்த முடியும் என்று மனம் சொல்லும் அளவில் பாதியைக் கயிறு கட்டி ஒதுக்குங்கள். அந்தப் பாதியையும் ஒரே மூச்சில் கொத்தாமல், பத்து நிமிடம் கொத்தி, மூன்று நிமிடம் நிமிர்ந்து நடந்து, இரண்டு வாய் தண்ணீர் குடித்துச் செய்யுங்கள். கயிறு வரை வந்ததும் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட வேண்டும், உடம்பு எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும். ஒரு நாள் கொத்தினால் மறுநாள் வேலி அடைத்தல், விதை தெரிதல், நாற்றுக்குத் தண்ணீர் விடுதல் என்று வேறு வேலை. பேசிப் பார்க்கும் விதி இங்கேயும் செல்லும்: பக்கத்துக் காணிக்காரரோடு முழு வசனம் பேச முடியாவிட்டால் கை வேகம் கூடிவிட்டது.

இவ்வளவு மெதுவாகப் போனால் மழைக்கு முன் விதைப்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது. போகம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. அதனால்தான் புரட்டாதி பிறந்த பிறகு அல்ல, ஆடி நடுப்பகுதியிலேயே உடம்பை ஆயத்தப்படுத்தத் தொடங்கவேண்டும். காலபோகத்துக்கு முன் எட்டுப் பத்துக் கிழமை கிடைக்கும். அதற்கும் நேரம் பிந்திவிட்டால், முதற் போகத்தில் காணி முழுவதையும் பிடிக்க முனையாமல் ஒரு துண்டை மட்டும் எடுப்பதே புத்தி என்பது எமது அபிப்பிராயம். இரண்டு பரப்பு வெங்காயத்தை ஒழுங்காகப் பார்த்து எடுப்பவர், எட்டுப் பரப்பைக் கொத்தி நாரி பிடித்துக் களை எடுக்க முடியாமல் விடுபவரை விட நல்ல நிலையில் இருப்பார். நாலைந்து குடும்பங்கள் முறை வைத்து ஒருவர் காணியில் மற்றவர் வேலை செய்வதும் உதவும். ஆனால் கூட்டத்தில் இறங்கினால் போட்டி வந்துவிடும். கூட்டத்திலே மெதுவானவரின் வேகம் எதுவோ அதுவே எல்லோருக்கும் வேகமாக இருக்கட்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. முகாமில் ஆண்கள் சும்மா இருந்த காலத்திலும் தண்ணீர் அள்ளியதும் விறகு சுமந்ததும் நீங்கள்தான். ஆகவே உங்கள் உடம்பு அவ்வளவு தளர்ந்திருக்காது. ஆனால் தோட்ட வேலை இதற்கு மேலாக வந்து சேரும்போது ஓய்வு நாள் என்று ஒன்று இல்லாமற் போகிறது. கொத்தும் நாளில் தண்ணீர் அள்ளுவது வேறொருவர் பொறுப்பு என்று வீட்டிலே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாட் காலை

உடம்பு சரியான வேகத்தில் போகிறதா என்பதை வேலை செய்யும் நேரத்தில் அறியமுடியாது. சூடேறிய உடம்பு நோவை மறைத்துவிடும். மறுநாட் காலை பாயை விட்டு எழுந்து வைக்கும் முதல் பத்து அடியில் தெரியும். தசையில் பரவலாக ஒரு நோவு இருந்து, நடக்க நடக்கக் குறைந்தால் பயமில்லை. முதல் நாளை விட நோவு கூடியிருந்தால் அன்றைய வேலையைப் பாதியாக்குங்கள். கணைக்காலிலோ பாதத்திலோ ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் எலும்பு நொந்தால், வேலையை நிறுத்தி வைத்தியரிடம் காட்டவேண்டும். நோவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்குவது இரட்டைத் தீமை. நோவு என்ற எச்சரிக்கையும் மறைந்துவிடும். தண்ணீர் வற்றிய உடம்பில் அத்தகைய மாத்திரைகள் பல சிறுநீரகத்தையும் தாக்கும்.

டெங்குக் காய்ச்சல் விட்ட பின்னரும் களைப்புச் சில கிழமைக்கு நிற்கலாம். சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மூட்டு நோவு மாதக்கணக்கில் தொடர்வதும் உண்டு. இவர்கள் முதற் படியையும் பாதியாக்கித் தொடங்கவேண்டும். செயற்கைக் கால் புதிதாகப் பொருத்தியவர்கள் அதை முதலில் நாளுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் மட்டும் அணிந்து, கழற்றியதும் தோலைப் பார்க்கவேண்டும். சிவப்பு சிறிது நேரத்தில் மறையாவிட்டால் மறுநாள் நேரத்தைக் கூட்டக்கூடாது. நெஞ்சு நோ, தலைச்சுற்று, முன்பில்லாத இளைப்பு உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கோ சலரோகத்துக்கோ மருந்து எடுப்பவர்களும் தொடங்குமுன் கிளினிக்கில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டும். உடம்பிலே குண்டுச் சிதறல் உள்ளவர்கள் அது இருக்கும் இடத்தையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

இடையிலே மழை, மரணவீடு, காய்ச்சல் என்று ஒரு கிழமை தவறினால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் ஒரு படி பின்னே போய்த் தொடங்குங்கள். மூன்று கிழமைக்கு மேல் தவறினால் கயிற்றை மறுபடியும் முதற் கிழமை அளவுக்கே கட்டவேண்டும்.