ஆலை கூட்டிய ஊர்: நியூ லானார்க்கின் மக்கள் வரலாறு

உலகிலுள்ள ஊர்களுட் பெரும்பாலானவை ஆற்றை ஒட்டியோ, வயலை ஒட்டியோ, சந்தையை ஒட்டியோ தாமாகத் தோன்றியவை. அவற்றின் முதற்குடி யார், எந்த ஆண்டில் வந்தது என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. சில ஊர்கள் மட்டும் ஒருவர் கணக்கிட்டு, ஒரு தொழிலுக்கென்றே உண்டாக்கியவை. அவ்வூர்களில் மக்கள் எங்கிருந்து வந்தனர், எதற்காக வந்தனர், ஏன் குறைந்தனர் என்பவற்றைத் தெளிவாகக் காணலாம். ஸ்காத்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் உள்ள நியூ லானார்க் அத்தகைய ஊர். 1785ஆம் ஆண்டுக்கு முன் அங்கே ஊர் என்று ஒன்று இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் அங்கு ஏறத்தாழ 2,500 பேர் வாழ்ந்தனர். இன்று வாழ்வோர் இருநூறு பேர் அளவிலேயே உள்ளனர். ஆயினும் கல்வி வரலாற்றை எழுதுவோர் இச்சிற்றூரின் பெயரைக் கூறாமல் மேலே செல்வதில்லை.

நீர்வீழ்ச்சியும் நூற்பாலையும்

கிளாஸ்கோ நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 25 மைல் தொலைவில், பழைய லானார்க் பட்டணத்துக்குக் கீழே, கிளைடு ஆறு ஆழமான பள்ளத்தாக்கில் பல அருவிகளாக விழுந்து ஓடுகின்றது. ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் 1769இல் நீராற்றலால் இயங்கும் நூற்பு இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். அவ்வியந்திரத்துக்கு இடையறாத நீரோட்டம் தேவை. கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேல் 1784இல் அவரை அழைத்து வந்து இவ்விடத்தைக் காட்டினார். அடுத்த ஆண்டில் கட்டட வேலை தொடங்கிற்று. அருவிக்கு மேலே ஆற்றுநீரை மறித்து, பாறையைக் குடைந்த சுரங்கவழியாகவும் வாய்க்கால் வழியாகவும் ஆலைச் சக்கரங்களுக்குக் கொணர்ந்தனர். 1786இல் நூற்பு தொடங்கியது. ஆர்க்ரைட் விரைவில் கூட்டிலிருந்து விலக, ஆலை டேலின் பொறுப்பில் நின்றது.

பள்ளத்தாக்கில் சமநிலம் மிகக் குறைவு. ஆகவே ஆலைகளும் வீடுகளும் அகலத்தில் விரியாமல் உயரத்தில் எழுந்தன. நெடிய கல் கட்டடங்களில் வரிசை வரிசையாக அறைகள் அமைந்தன. பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையே கிடைத்தது. 1788இல் முதல் ஆலை தீக்கிரையாயிற்று. மறு ஆண்டே அது மீண்டும் எழுப்பப்பட்டது. 1793 அளவில் நான்கு ஆலைகள் நின்றன.

ஆட்கள் வந்த வழி

ஆலையைக் கட்டுவது எளிதாயிற்று. ஆட்களைச் சேர்ப்பது எளிதாகவில்லை. நாள் முழுதும் மணியோசைக்குக் கட்டுப்பட்டு நான்கு சுவர்களுக்குள் வேலை செய்ய, சுற்றுப்புறத்து உழவர்கள் விரும்பவில்லை. எனவே வேறு வழியற்றோரையே ஆலை நாடியது. அவர்கள் இரு வகையினர்.

முதல் வகையினர் வடபகுதி மலைநாட்டு மக்கள். அங்கே நிலத்தை விட்டு அகற்றப்பட்டவர்களும் பஞ்சத்தால் நலிந்தவர்களும் கப்பலேறி அமெரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்தனர். 1791இல் ஸ்கை தீவினின்று வட கரோலினாவுக்குப் புறப்பட்ட ஒரு கப்பல் புயலில் சிக்கிக் கிரீனக் துறைமுகத்தில் ஒதுங்கிற்று. வழியிழந்து நின்ற அம்மக்களுக்கு டேல் வேலையும் வீடும் அளிப்பதாகக் கூறினார். ஏறத்தாழ 200 பேர் கடற்பயணத்தைக் கைவிட்டு நியூ லானார்க்குக்கு வந்தனர். மலைநாட்டவர் குடியேறிய ஒரு வீட்டு வரிசை இன்றும் கேத்னெஸ் வரிசை எனப்படுகிறது. கேத்னெஸ் என்பது ஸ்காத்லாந்தின் வடகோடியில் உள்ள ஒரு நாட்டுப்பகுதி.

இரண்டாம் வகையினர் குழந்தைகள். எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் ஏழையர் விடுதிகளிலிருந்து அநாதைகளும் வறியோர் பிள்ளைகளும் ஆலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்குக் கூலி இல்லை; உணவு, உடை, உறைவிடம் ஆகியவையே கைம்மாறு. 1793இல் ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,500. ஆலையில் வேலை செய்தோர் ஏறக்குறைய 1,200 பேர். அவர்களுள் ஏறத்தாழ 800 பேர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள்; ஆறு வயதுப் பிள்ளைகளும் அவர்களிடையே இருந்தனர். மக்கள்தொகையைப் படிக்கும் ஆசிரியர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். 1,500 பேர் வாழ்ந்த செழிப்பான ஊர் என்று ஏட்டில் காண்பது, பாதிக்கு மேல் பிள்ளைகளின் உழைப்பால் நடந்த ஊராகும்.

டேல் இரக்கமுள்ளவர் என்றே அக்காலத்தார் மதித்தனர். விடுதியும் உணவும் பிற ஆலைகளைவிடத் தூய்மையாக இருந்தன; ஆசிரியர்களும் அமர்த்தப்பட்டிருந்தனர். ஆயினும் பிள்ளைகள் காலை ஆறு மணிக்கு வேலைக்குச் சென்று மாலை ஏழு மணிக்குத் திரும்பினர். பள்ளி அதன் பின்னரே தொடங்கியது. பதின்மூன்று மணி நேரம் இயந்திரத்தருகே நின்ற பிள்ளை இரவில் என்ன கற்கும் என்பதை வகுப்பறையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

ராபர்ட் ஓவனின் காலம்

வேல்ஸ் நாட்டில் 1771இல் பிறந்த ராபர்ட் ஓவன், 1799இல் கூட்டாளிகளோடு சேர்ந்து 60,000 பவுனுக்கு இவ்வாலைகளை வாங்கினார். அவ்வாண்டே டேலின் மகள் கரோலைனை மணந்தார். 1800ஆம் ஆண்டுச் சனவரி முதல் நாள் மேலாண்மையை ஏற்றார். அப்போது ஊரில் குடும்பத்தினர் 1,300 பேரும் விடுதிப் பிள்ளைகள் நானூறு ஐந்நூறு பேரும் இருந்தனர் என்று அவரே எழுதியுள்ளார்.

ஓவன் தம் கொள்கையை ஒரே கருத்தின்மீது நிறுத்தினார். மனிதனின் குணத்தை அவன் தானே ஆக்கிக்கொள்வதில்லை. சூழ்நிலையே ஆக்குகிறது என்பது அக்கருத்து. ஆகவே குடியையும் திருட்டையும் தண்டனையால் ஒழிக்க முயலாமல், வீட்டையும் கடையையும் பள்ளியையும் திருத்த முனைந்தார். விடுதிகளிலிருந்து பிள்ளைகளை வருவிப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்கு உட்பட்டோரை ஆலையில் சேர்க்கவில்லை. வேலை நேரத்தை நாளடைவில் 10¾ மணியாகக் குறைத்தார். பொருள்களை மொத்தமாக வாங்கி, ஊர்க்கடையில் குறைந்த விலைக்கு விற்கச் செய்தார். கடையின் இலாபம் பள்ளிக்குச் சென்றது. கூலியில் அறுபதில் ஒரு பங்கு நோயாளர் நிதிக்குச் சேர்க்கப்பட்டது.

தொழிலாளர் முதலில் அவரை நம்பவில்லை. அமெரிக்கா பருத்தியை அனுப்பாது தடுத்த காலத்தில் ஆலை நான்கு மாதம் நின்றது. அப்போதும் ஓவன் எவரையும் நீக்காமல் முழுக்கூலி கொடுத்தார். அதற்கு 7,000 பவுனுக்கு மேல் செலவாயிற்று. அதன் பின்னரே ஊரார் அவரைத் தம்மவராகக் கொண்டனர்.

எனினும் அவரது ஆட்சியில் கண்காணிப்பும் மிகுதி. ஒவ்வொரு தொழிலாளியின் இடத்திலும் நான்கு பக்கமும் நான்கு நிறம் பூசிய சிறு மரக்கட்டை தொங்கியது. முதல் நாள் நடத்தை தீயதாயின் கறுப்பும், நடுத்தரமாயின் நீலமும், நன்றாயின் மஞ்சளும், மிக நன்றாயின் வெள்ளையும் முன்புறம் தெரியும். அடியும் வசையும் ஒழிந்தன என்பது உண்மை. வளர்ந்த மனிதனின் ஒழுக்கத்துக்கு நாள்தோறும் மதிப்பெண் இடப்பட்டது என்பதும் உண்மையே.

குழந்தைப் பள்ளி

1816ஆம் ஆண்டுச் சனவரி முதல் நாள் ஊரின் நடுவே குண ஆக்க நிலையம் திறக்கப்பட்டது. நடக்கக் கற்ற குழந்தை முதல் பத்து வயதுச் சிறுவர் வரை பகலில் அங்கே பயின்றனர். வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கும் பெரியோர்க்கும் மாலை வகுப்புகள் நடந்தன. பிரித்தானியாவில் தோன்றிய முதற் குழந்தைப் பள்ளியாக இதனைக் கூறுவர்.

அதற்கு ஓவன் தேர்ந்த ஆசிரியர் இருவர். ஜேம்ஸ் புக்கானன் கைத்தறி நெசவாளி. மாலி யங் பதினேழு வயதுப் பெண். இருவரும் பெரிய படிப்பாளிகள் அல்லர். குழந்தைகளிடம் எல்லையற்ற பொறுமையுடையவர்கள் என்பதே அவர்களுடைய தகுதி. எக்காரணத்துக்காகவும் குழந்தையை அடிக்கலாகாது, மிரட்டலாகாது, இன்முகத்தோடு பேச வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட விதி. சிறு குழந்தைகளுக்குப் புத்தகச் சுமை இல்லை. சுற்றியுள்ள பொருள்களைக் காட்டி, அவர்கள் வினவும்போது விளக்கினர். சுவர்களில் விலங்குகளின் படங்களும் பெரிய நிலப்படங்களும் தொங்கின. ஆடலும் பாடலும் பாடங்களாக இருந்தன. இன்று பாலர் பள்ளிகளில் இயல்பாகக் கருதப்படும் இம்முறை, ஆறு வயதில் ஆலைக்குச் சென்ற பிள்ளைகளின் ஊரில் வேர்கொண்டது.

இதனைக் காண ஐரோப்பாவெங்கணுமிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். பின்னர் ரஷ்யப் பேரரசரான நிக்கலஸ் இளவரசரும் அவர்களுள் ஒருவர். பிள்ளை உழைப்பைச் சட்டத்தால் கட்டுப்படுத்தவும் ஓவன் வாதாடினார். 1819இல் நிறைவேறிய சட்டம், பருத்தி ஆலைகளில் ஒன்பது வயதுக்கு உட்பட்டோரைச் சேர்ப்பதைத் தடுத்தது. அவர் கேட்டது பத்து வயது, கிடைத்தது அவ்வளவே.

ஓவனுக்குப் பின்

இவ்வளவு நன்மையும் ஆலைக்காரரின் விருப்பத்தில் நின்றதே அன்றி, ஊராரின் உரிமையாக நிலைபெறவில்லை. சமயப்பற்று மிகுந்த கூட்டாளி வில்லியம் ஆலன் முதலியோர்க்குப் பள்ளியின் ஆடலும் பாடலும் உவப்பாக இல்லை. 1824இல் அவை பெரிதும் குறைக்கப்பட்டன. பெற்றோரின் கருத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1825இல் ஓவன் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்னும் குடியிருப்பை அமைக்கச் சென்றார். ஆலை வாக்கர் குடும்பத்தாரின் கைக்கு மாறியது.

நீராவி இயந்திரம் பரவியபின் நூற்பாலைகள் நிலக்கரியும் துறைமுகமும் உள்ள நகரங்களில் பெருகின. அருவிக்கரையின் சிறப்பு மங்கியது. மக்கள்தொகையும் படிப்படியாகக் குறைந்தது. 1883இல் தீயில் அழிந்த நான்காம் ஆலையை எவரும் மீண்டும் கட்டவில்லை. 1881 முதல் ஆலையை நடத்திய குரக் கயிற்று நிறுவனத்தார், மீன்வலையும் கித்தான் துணியும் செய்து அதனைக் காத்தனர். 1898இல் வீடுகளுக்கு இலவச மின்விளக்கு வந்தது. அறைக்கு ஒரு மங்கிய விளக்கு. இரவு பத்து மணிக்கு ஆலையார் அதனை அணைத்துவிடுவர். வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் 1933இல்தான் வந்தது.

1968இல் ஆலை மூடப்பட்டது. வேலை போனதும் இளையோர் அகன்றனர்; வீடுகள் பூட்டப்பட்டன; ஆலைக் கட்டடங்கள் பழைய இரும்பு வாணிகரிடம் விற்கப்பட்டன. இடிந்து மறையவேண்டிய ஊரைச் சிலர் விட்டுவிடவில்லை. வீடுகளைப் புதுக்க 1963லேயே ஒரு சங்கம் தோன்றியிருந்தது. 1970களில் பாதுகாப்பு அறநிலையம் ஒன்று அமைந்தது. 1983இல் கட்டாயக் கொள்முதல் ஆணையால் ஆலைக் கட்டடங்கள் மீட்கப்பட்டன. 2001இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்வூரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. முதலாம் ஆலை இன்று தங்கு விடுதி. பழைய வீட்டு வரிசைகளில் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன.

எண்கள் கூறும் பாடம்

1,500, 2,500, 200 என்னும் மூன்று எண்களில் நியூ லானார்க்கின் கதையை அடக்கிவிடலாம். ஆலை இழுத்தபோது மக்கள் கூடினர். ஆலை நின்றபோது கலைந்தனர். வீடும் வேலையும் ஒரே கையில் இருக்கும் ஊருக்கு இதுவே விதி. அக்கை எவ்வளவு அன்புடையதாயினும் விதி மாறுவதில்லை.

ஆலையில் நூற்ற நூல் எங்கும் எஞ்சவில்லை. அங்கே ஒரு நெசவாளியும் ஓர் இளம்பெண்ணும் அடியின்றி நடத்திய வகுப்போ பல நாடுகளின் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. தொழிலுக்கென உண்டான சிற்றூர்களின் வரலாற்றைத் தொகுக்க முனைவோர், ஆலைக் கணக்கேட்டோடு பள்ளிப் பதிவேட்டையும் சேர்த்துத் தேட வேண்டும். வந்தவர்கள் யார், அவர்களுடைய பிள்ளைகள் என்ன ஆயினர் என்பதைப் பெரும்பாலும் பின்னதே கூறும்.